கணிப்பொறியில் எண்ணும் எழுத்தும்



புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குடைவரைக் கோயிலின் அருகே, பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டை அறிஞர்கள் படித்துவிட்டார்கள். சுரங்களின் பெயர்கள் அதில் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சுரமும் அகரம், இகரம், உகரம், எகரம் என்று வெவ்வேறு உயிரொலியுடன் எழுதப்பட்டிருப்பதன் காரணம் என்ன என்பதில் இன்றளவும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எழுத்து அழியவில்லை, எழுதினவர்க்கும் படிப்பவர்க்கும் இடையே இருந்த உடன்பாடு அழிந்துவிட்டது. எங்கள் திருமயத்துச் சிவன் குடைவரையிலும் இத்தகைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டனர். இங்கே எழுத்தே அழிந்தது.

எழுதி வைத்த செய்தி ஒன்று இவ்விரு வழிகளிலும் நம்மை விட்டுப் போகக்கூடும். பாறைக்கு நேர்ந்த இவ்விரு கேடுகளும் கணிப்பொறிக்கும் நேர்ந்திருக்கின்றன. பாறையில் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது, கணிப்பொறியில் இருபதே ஆண்டுகளில் நேர்ந்தது என்பதுதான் வியப்பு. பழைய கணிப்பொறிகளில் வன்பொருளும் மென்பொருளும் ஒன்றோடொன்று ஒவ்வாமையால் தமிழ் எழுத்து பட்ட பாட்டைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் அடிப்படை ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். நாம் விசையை அழுத்தும்போது அதன் நினைவகத்தில் சென்று அமர்வது ஓர் எண். திரையில் தோன்றும் வடிவம், அந்த எண்ணுக்கு இன்ன வடிவம் என்று எங்கோ எழுதி வைத்த ஒரு பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டப்படுவது. அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில், ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு 65 என்னும் எண் வழங்கப்பட்டது. அம்முறையில் உள்ள இடங்கள் 128. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி ஆகிய எல்லாவற்றுக்கும் அவை போதும். தமிழுக்கோ உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள் உண்டு. கிரந்த எழுத்துகள் இவற்றிற்கு மேல். இந்தக் கணக்கு ஒன்றே பின்னர் வந்த இடர்ப்பாடுகள் பலவற்றிற்கு விதையாயிற்று.

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி 1981-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் திரை, வரிக்கு எண்பது எழுத்தாக இருபத்தைந்து வரிகளைக் காட்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுள்ள சிறு கட்டம். வண்ணத்திரை அட்டையில் அக்கட்டத்தின் அளவு எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரமே. எழுத்துகளின் வடிவங்கள் மாற்ற இயலாத நினைவகச் சில்லு ஒன்றில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தன. அச்சகத்தில் ஈய எழுத்துகளை வாங்கி மாற்றிக் கொள்வது போல அவற்றை மாற்ற முடியாது. மேலும், எட்டுப் புள்ளி அகலத்தில் ஆங்கில எழுத்து அடங்கும். நம் ணகரமும் ஞகரமும் எவ்வாறு அடங்கும்? மேலே விலங்கு போட்டால் கீழே இடமில்லை. கீழே சுழித்தால் மேலே இடமில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் தோன்றின.

முதல் வழி, எழுத்துத் திரையை விட்டுவிட்டுப் படத்திரையைப் பயன்படுத்துவது. அதாவது, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் படமாக வரைவது. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஆதமி' என்னும் மென்பொருளும், மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய 'முரசு' என்னும் மென்பொருளும் இத்துறையின் முன்னோடிகள். பெருநிறுவனங்கள் தமிழை எண்ணிப் பாராத காலத்தில் தனிமனிதர் இருவர் செய்த பணி அது என்பதை மாணவர்கள் மறவாமல் நினைக்கவேண்டும்.

இரண்டாம் வழி பின்னர் வந்தது. 1984-இலும் 1987-இலும் வெளிவந்த புதிய திரை அட்டைகளில் எழுத்து வடிவங்களை நாமே நிரப்பிக் கொள்ள இடம் தரப்பட்டது. ஆனால் பழைய அட்டை பொருத்திய பொறியில் அந்த மென்பொருள் ஓடாது. ஒரே பெயருடைய இரண்டு கணிப்பொறிகளில் ஒன்று தமிழ் காட்டும், மற்றொன்று காட்டாது.

மூன்றாம் வழி வன்பொருளையே சேர்ப்பது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, பூனாவிலுள்ள சி-டாக் நிறுவனம் 'ஜிஸ்ட்' என்னும் அட்டையை வழங்கியது. கணிப்பொறியைத் திறந்து உள்ளிருக்கும் செருகு வாயிலில் இதனைப் பொருத்திவிட்டால், ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களிலும் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளில் செய்திகளைப் பதியலாம். அலுவலகங்களுக்கு இது பெரிய வாய்ப்பாக இருந்தது. ஆயினும் காலம் சென்றது. அந்த அட்டையை ஏற்ற பழைய செருகு வாயில் புதிய கணிப்பொறிகளில் இல்லாமற் போயிற்று. அட்டை இருந்தது, அதற்குரிய இடம் இல்லை. அட்டையில்லாத பொறியில் பழைய கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகக் கோடுகளும் கட்டங்களும் அயல்மொழிக் குறியிட்ட எழுத்துகளுமே திரையில் நிறைந்தன. வேறு சில தமிழ் மென்பொருள்கள், அச்சுப்பொறி வாயிலில் செருகும் 'டாங்கிள்' என்னும் பூட்டுக் கட்டை இருந்தால்தான் இயங்கும். அவ்வாயிலும் பின்னர் மறைந்தது. பூட்டு நலமாயிருந்தும், அதைச் செருகக் கதவு இல்லாத நிலை!

அச்சிடுவதிலும் இதே கதைதான். ஊசிமுனை அச்சுப்பொறிக்குள் ஆங்கில எழுத்து வடிவங்கள் முன்னரே இருந்தன. எண்ணை அனுப்பினால் அது தானே எழுத்தை அடித்துவிடும். தமிழ்ப் பக்கத்தையோ ஒரு படமாக எண்ணிப் புள்ளி புள்ளியாக அனுப்பவேண்டும். ஆதலின் தமிழ்ப் பக்கம் மெல்ல ஊர்ந்துதான் வெளிவந்தது.

இனி, விண்டோஸ் என்னும் சாளர முறையும் மக்கின்டாஷ் கணிப்பொறியும் பரவிய காலத்துக்கு வருவோம். இவற்றில் எழுத்துருவை எவரும் அமைத்துப் பொருத்திக் கொள்ளலாம். இது பெரும் விடுதலை. ஆனால் விடுதலையோடு குழப்பமும் வந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். எந்த எண்ணில் எந்த வடிவத்தை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் மிகுதியாக வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதுவதாகக் கொள்வோம். கணிப்பொறியின் நினைவகத்தில் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின்பின் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு இருக்கும் வரையில் அது 'தமிழ்'. எழுத்துரு நீங்கினால் அது பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டாலோ, தமிழ் வடிவங்கள்தாம் தோன்றும். ஆனால் எம்மொழியிலும் இல்லாத சொற்களாகத் தோன்றும்.

சிலர் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, 128 முதல் 255 வரையுள்ள மேற்பகுதி எண்களில் தமிழை அமைத்தனர். இருமொழியும் கலந்து எழுத இது ஏற்றது. ஆனால் இந்த மேற்பகுதியில் மக்கின்டாஷுக்கும் விண்டோஸுக்கும் உடன்பாடு இல்லை. மேலே குறியிட்ட ஒரு பிரெஞ்சு எழுத்துக்கு மக்கின்டாஷில் எண் 142, விண்டோஸில் 233. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்பும் மென்பொருள், பிரெஞ்சுக்காரருக்கு உதவுவதாக எண்ணி 142-ஐ 233 ஆக மாற்றிவிடும். அந்த எண்ணில் இருந்தது பிரெஞ்சு எழுத்தன்று, தமிழ் எழுத்து என்பதை அது எவ்வாறு அறியும்? நல்லெண்ணத்தோடு செய்த மாற்றத்தால் தமிழ்க் கடிதம் சிதைந்து போகும். இன்னும், 173 என்னும் எண் வரியின் கடைசியில் மட்டும் தோன்றவேண்டிய சிறு இணைப்புக் கோட்டுக்கு உரியது. அவ்விடத்தில் ஓர் எழுத்தை வைத்தால், சில பொறிகளில் அந்த எழுத்து வரியின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

எண் மட்டுமன்று, வரிசையும் சிக்கலாயிற்று. 'கெ' என்பதை எழுதும்போது கை முதலில் ஒற்றைக்கொம்பைப் போடுகிறது. பிறகுதான் ககரத்தை எழுதுகிறது. தட்டச்சுப் பொறியும் அவ்வாறே. ஆனால் ஒலியின் முறைப்படி ககர மெய் முன்னது, எகரம் பின்னது. பழைய எழுத்துருக்கள் கை எழுதும் வரிசையைப் பின்பற்றின. பின்னர் வந்த ஒருங்குறி, ஒலி வரிசையைப் பின்பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்றவேண்டும்.

இக்குழப்பத்தை நீக்கத் தமிழ் அறிஞரும் பொறியியலாளரும் கூடி ஆராய்ந்தனர். சிங்கப்பூரில் 1997-ஆம் ஆண்டிலும், சென்னையில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையும், தமிழ் மட்டும் எழுதுவதற்கு 'டாம்', இருமொழி எழுதுவதற்கு 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டன. உலகத் தமிழ் ஆர்வலர் பலர் மின்னஞ்சல் வாயிலாகக் கலந்து 'டிஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி 1991-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது; அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. ஆயினும் அதனைத் திரையில் காட்டும் திறமை அன்றைய பொறிகளுக்கு இல்லை. தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியையும், எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஒருங்குறி வந்தவுடன் துன்பம் தீர்ந்துவிட்டதா? உடனே தீரவில்லை. ஒருங்குறி எண்களைச் சேமிப்பது எளிது; ஒலி வரிசையில் உள்ள எண்களைக் கை எழுதும் வரிசையில் திருப்பிக் காட்டுவதற்குத் தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 98-இல் அது உடன் அமைந்திருக்கவில்லை. விண்டோஸ் 2000-இல் 'லதா' என்னும் எழுத்துருவோடு தமிழ் இடம்பெற்றது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலோ அந்த வசதி உறங்கிக் கிடந்தது; நாமே சென்று அதனை எழுப்பவேண்டும்; அப்போது அது நிறுவற் குறுந்தட்டைக் கேட்கும். எழுப்பாத பொறியில் 'பெயர்' என்னும் சொல்லைப் பார்த்தால், கொம்பு யகரத்தின் முன்னே சென்று ஒட்டிக்கொண்டு 'பயெர்' என்று நிற்கும். பலர் இதைக் கண்டு, ஒருங்குறி தமிழுக்கு ஏற்றதன்று என்றே முடிவு செய்தனர். குற்றம் எழுதினவரிடமும் இல்லை, எண்ணிலும் இல்லை. காட்டும் பொறியில் இருந்தது.

அச்சகங்களின் நிலையும் அத்தகையதே. நம் நாட்டு அச்சகங்கள் பெரிதும் நம்பியிருந்த 'பேஜ்மேக்கர்' மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அது ஒருங்குறியை அறியாதது. ஆகையால் அதில் வேலை செய்த அச்சகங்கள் பழைய எழுத்துருக்களையே கட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது. அச்சிட்ட தாளைப் படிக்கும் நமக்கு வேறுபாடு தெரியாது. அதன் மின்கோப்பைத் திறந்து ஒரு பத்தியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால்தான், தமிழ் மறைந்து ஆங்கிலக் கிறுக்கல் வெளிப்படும்.

இன்றும் சில நுட்பமான பொறிகள் இருக்கின்றன. 'ஔ' என்பது ஒருங்குறியில் ஓர் எண்ணுக்குரிய ஓர் எழுத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் கண்ணுக்கு அவ்வாறே தோன்றும். கணிப்பொறிக்கோ அது வேறு சொல். ஒருவர் ஒருவகையிலும் மற்றொருவர் வேறு வகையிலும் ஔவையார் பெயரை எழுதியிருந்தால், தேடும்போது ஒரு பாதிதான் கிடைக்கும். 'ஸ்ரீ' என்னும் எழுத்திலும் இத்தகைய இரட்டை வழி உண்டு. 2005-இல் ஒருங்குறியில் புதிதாக ஒரு கிரந்த எழுத்துச் சேர்ந்தபின் இவ்வேறுபாடு தோன்றிற்று.

எண்ணும் வடிவும் வேறு வேறு என்பதில் நன்மையும் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, 'ணை', 'லை', 'னை' போன்றவற்றின் வடிவம் மாறிற்று. ஈய எழுத்துக் காலத்தில் அதற்குப் புதிய அச்சு வார்க்கவேண்டியிருந்தது. ஒருங்குறியில் உள்ள ஒரே கோப்பைப் பழைய வடிவ எழுத்துருவிலும் காட்டலாம். புதிய வடிவ எழுத்துருவிலும் காட்டலாம். உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை. உடன்பாடு பொதுவாக இருந்தால் வடிவம் மாறினும் பொருள் நிலைக்கும்.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் பழங்கதை என்று நீங்கள் எண்ணலாம். அன்று. எங்கள் வட்டாரத்துப் பள்ளியொன்றில் 1990-களின் பிற்பகுதியில் மாணவர்கள் ஊரூராகச் சென்று, ஏற்றம் இறைத்தோரும் நாற்று நட்டோரும் பாடிய பாடல்களைக் கேட்டு எழுதிவந்தார்கள். அவற்றைத் தட்டச்சு செய்து பிளாப்பித் தட்டுகளில் வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது ஒரு தட்டு அறவே படிக்கப்படவில்லை. மற்றவை திறந்தன, ஆனால் எழுத்துருவின் பெயரும் தெரியவில்லை, எழுத்துருவும் கிடைக்கவில்லை. அதற்குள் அப்பாடல்களைப் பாடிய முதியோருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். நற்பேறாக, அக்காலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்கள் ஒரு கோப்புறையில் இருந்தன. மேல்வகுப்பு மாணவர் சிலர், தாளில் உள்ள எழுத்தையும் கோப்பில் உள்ள எண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டு, இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அப்பட்டியலைக் கொண்டு மற்றப் பாடல்களையும் மீட்டார்கள். அவ்விரண்டு தாள்களில் வாராத எழுத்துகள் சிலவற்றை மட்டும் சொற்பொருளைக் கொண்டு உய்த்துணர்ந்தார்கள். படிக்க இயலாத அந்த ஒரு தட்டிலிருந்த பாடல்கள் போனவை போனவைதாம்.

ஏறத்தாழ 1985 முதல் 2005 வரை தமிழகத்துச் சிற்றூர்களில் கணிப்பொறியில் எழுதப்பட்டவை எத்தனை! பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், ஊர் வரலாறு, குடும்பப் பெரியவரின் நினைவுக் குறிப்பு ஆகியவை இன்னும் எத்தனையோ தட்டுகளில் உறங்குகின்றன. பேரிலக்கியங்களைப் பற்றி நாம் அஞ்சவேண்டுவதில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி முறையில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி உலகுக்கு வழங்கியது. அப்பணியைச் செய்தோர் தன்னார்வத் தொண்டர்களே. உங்கள் ஊர்க் கோப்புகளுக்கு அத்தகைய காவலர் எவர்? நீங்களேதாம்.

அப்பணியை மேற்கொள்வோர் நினைவில் வைக்கவேண்டியவை சில. முதலாவதாக, பழைய தட்டு கிடைத்தவுடன் அதிலுள்ளவற்றை அப்படியே வேறிடத்திற்குப் படியெடுங்கள். மூலக் கோப்பில் எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள். இரண்டாவதாக, எழுத்துருவின் பெயரைக் கண்டு குறித்து, கிடைத்தால் அந்த எழுத்துருவையும் கோப்போடு சேர்த்து வையுங்கள். மூன்றாவதாக, பழைய குறியீட்டை ஒருங்குறியாக மாற்றும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றால் மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சேர்ந்த எகர ஒகர வரிசைகளிலும், தமிழ்ப் பத்தியின் நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களிலும் பிழை மறைந்திருக்கும். நான்காவதாக, மாற்றிய கோப்பை எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத எளிய ஒருங்குறி உரைக் கோப்பாகச் சேமியுங்கள். ஐந்தாவதாக, ஒரு படியைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். அந்த இரண்டு தாள்கள் இல்லையேல் எங்கள் வட்டாரத்துப் பாடல்கள் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்து என்பது ஒருவர் தனக்காக வகுத்துக் கொள்ளும் அடையாளமன்று. பலரும் கூடி ஒப்புக்கொண்ட ஒழுங்கு. பொறிகள் பழுதாகும், புதியவை வரும். பொதுவான ஒழுங்கைப் பின்பற்றி எழுதியது பொறி மாறினாலும் பிழைக்கும். தனக்கென்று ஒரு வழி வகுத்து எழுதியது அந்தப் பொறியோடு மடியும். இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொன்றையும், இருபது ஆண்டுகள் கழித்து உங்களை அறியாத ஒரு மாணவன் திறந்து படிக்க வேண்டும் என்னும் நினைவோடு எழுதுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய தட்டு ஏதேனும் கிடந்தால், வரும் விடுமுறையிலேயே அதைத் திறந்து பாருங்கள். காலம் தாழ்த்தத் தாழ்த்த அது படிக்கப்படும் வாய்ப்புக் குறையும்.